உலோக மினியேச்சர்: குறைந்த செலவில் மாசிடோனியப் படை சேர்க்க வழி?

ஈட்டிவரிசை:
மேசைப் போர் விளையாட்டுக்காக அலெக்சாந்தரின் மாசிடோனியப் படையை மேசையில் நிறுத்த வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. பிளாஸ்டிக் வேண்டாம், கையில் எடுத்தால் கனம் தெரிய வேண்டும். ஆனால் 28 மி.மீ. உயர உலோக உருவங்களில் முழுப் படைக்குக் கணக்குப் போட்டால் கட்டுப்படியாகவில்லை. 15 மி.மீ.க்குப் போவதா, 6-க்கா? இதுவரை ஒரு உருவத்துக்குக்கூட வண்ணம் பூசியதில்லை, அதையும் மனதில் வைத்துச் சொல்லுங்கள்.

பழையகளம்:
15 போங்கள். 6 மி.மீ. இன்னும் மலிவு, பாக்கஸ் நிறுவனத்தின் உருவங்களை மொத்தமாக அடுக்கினால் நிஜமாகவே ஒரு படை நிற்பதுபோல் இருக்கும், ஆனால் முகம், கேடயம் என்று பார்த்துப் பார்த்துப் பூச அதில் இடமில்லை. என்னைக் கேட்டால் செலவைத் தீர்மானிப்பது அளவைவிட விளையாட்டின் விதிநூல்தான். 1990-இல் வந்த டி.பி.ஏ. (De Bellis Antiquitatis) என்ற பழங்காலப் போர் விளையாட்டு விதிகளில் ஒரு படைக்கு 12 பிரிவுகளே. 15 மி.மீ.யில் ஒவ்வொன்றுக்கும் உருவங்களை ஒட்டி நிறுத்த 40 மி.மீ. அகலத் தட்டு, நீள ஈட்டிக்காரர் என்றால் அதில் 4 பேர், குதிரைவீரர் பெரும்பாலும் 3, லேசான காலாள் 2. ஆக சுமார் 40 உருவங்களிலேயே முழுப் படையும் வந்துவிடும். எசெக்ஸ் மாதிரி சில நிறுவனங்கள் இதற்கென்றே படையை ஒரே பொட்டலமாகவும் விற்கின்றன. ஒன்று மட்டும், ஒரே நிறுவனத்திடம் வாங்குங்கள். 15 என்று எழுதியிருந்தாலும் சிலருடையது 18 வரை வளர்ந்திருக்கும், பக்கத்தில் நிறுத்தினால் பளிச்சென்று தெரியும்.

தூரிகைமுனை:
பூசுவதற்குப் பயப்படாதீர்கள். முதலில் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவையுங்கள், வார்ப்பச்சில் தூவிய பவுடர் ஒட்டியிருக்கும். அச்சின் இரு பாதிகள் சேர்ந்த இடத்தில் தெரியும் கோட்டைச் சின்ன அரத்தால் தேய்த்துவிட்டு பிரைமர் (அடிப்பூச்சு) அடியுங்கள், இதை மட்டும் தவிர்க்கவே கூடாது, வெறும் உலோகத்தில் அக்ரிலிக் நிற்காது, விரல் பட்டாலே உரியும். அப்புறம் ஒரு குச்சியில் ஏழெட்டுப் பேரை வரிசையாக ஒட்டிக்கொண்டு, எல்லாருக்கும் தோல் நிறம், பிறகு எல்லாருக்கும் அங்கி என்று போங்கள். அடிப்படை நிறங்கள் காய்ந்ததும் மேலே பழுப்பு வாஷ், அதாவது நீர்த்த வண்ணம். அது மடிப்புகளில் தேங்கி நிழலைத் தானே உண்டாக்கும், இந்த அளவுக்கு அதுவே போதும். கடைசியில் மேட் வார்னிஷ், ஏனென்றால் விளையாட்டில் கை படாமல் இருக்காது.

மாசிடோனியர் என்பதால் இன்னொன்று. அவர்களுடைய நீளமான சரிசா ஈட்டி நிஜத்தில் 5, 6 மீட்டர் நீளம். வார்ப்பில் வரும் ஈட்டி மெல்லியது, வளைந்துகொண்டே இருக்கும், நிமிர்த்தி நிமிர்த்தி ஒருநாள் ஒடியும். உருவத்தின் கையைச் சின்னத் துளைப்பானால் துளைத்து எஃகுக் கம்பியைச் செருகி சூப்பர் குளூ வைத்துவிடுங்கள். முனை குத்தும், நுனியை மழுக்கிவிடுங்கள்.

ஈயக்குவியல்:
பழைய உருவங்களையும் தேடுங்கள். யாரோ பாதியில் விட்ட படைகள் நிறைய விற்பனைக்கு வருகின்றன. வண்ணம் மோசமாக இருந்தால் அசிட்டோனில் ஊறவைத்துத் தேய்த்தால் உலோகம் வெளுத்து வந்துவிடும் (ஜன்னலைத் திறந்து வையுங்கள், பக்கத்தில் நெருப்பு வேண்டாம், பிளாஸ்டிக்கைப் போட்டால் கரைந்துவிடும்). ஆனால் பழைய வார்ப்புகளில் காரீயம் அதிகம். அரத்தால் தேய்க்கும்போது முகமூடி போடுங்கள், முடிந்ததும் கையைக் கழுவுங்கள், பிரஷ் நுனியை வாயில் வைத்துக் கூராக்கும் பழக்கம் வேண்டவே வேண்டாம். உருவத்தின்மேல் வெள்ளைத் தூள் பூத்திருந்தால் காரீயம் அரிக்கத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம், அதை வாங்காதீர்கள்.

ஈட்டிவரிசை:
அருமை, 15 என்றே முடிவு செய்துவிட்டேன். கேடயத்தில் மாசிடோனியரின் கதிர் நட்சத்திரச் சின்னத்தைக் கையால் வரைய முடியுமா?

தூரிகைமுனை:
15 மி.மீ.யில் கதிர் கதிராக வரைவது கண்ணுக்குச் சிரமம். கேடயத்துக்கென்றே ஒட்டுப்படம் கிடைக்கிறது, உங்கள் நிறுவனத்தின் கேடய அளவுக்குப் பொருந்துகிறதா என்று பார்த்து வாங்குங்கள். முதல் வரிசைக்கு மட்டும் ஒட்டினாலும் போதும், பின்வரிசைக் கேடயங்கள் அவ்வளவாக வெளியே தெரியாது.