புதுப்பிப்பு: எமர்ஜென்சி மெடிசின் ரெசிடென்சிக்கு எத்தனை இடத்துல அப்ளை பண்றது?

எமர்ஜென்சி மெடிசின் ரெசிடென்சிக்கு (டாக்டர் படிப்புக்கு அப்புறம் ஆஸ்பத்திரில எடுக்கற ஸ்பெஷலிஸ்ட் ட்ரெய்னிங்) அமெரிக்கா முழுக்க அப்ளை பண்ணணுமா, லிஸ்ட்ட சுருக்கலாமான்னு கேட்டிருந்தேன்ல, பதில் சொன்ன எல்லாருக்கும் ரொம்ப நன்றி, 2025 மேட்ச்ல (அப்ளை பண்ணவங்களையும் ட்ரெய்னிங் சீட்டையும் ஜோடி சேக்கற முறை) சீட் கிடைச்சிருச்சு!

கைகொடுத்தது, ரொட்டேஷன் (ஸ்டூடன்ட்டா ஆஸ்பத்திரில வேல கத்துக்கறது) பண்ண ஊரையும் சொந்தக்காரங்க இருக்கற ஸ்டேட்டையும் மொதல்ல வச்சு சிக்னல (இந்த ப்ரோக்ராம்ல ரொம்ப ஆர்வம்னு அப்ளிகேஷன்ல காட்ற குறி) அங்கயே போடுங்கன்னு ஒரு அண்ணா சொன்னதுதான், இன்டர்வியூ பெரும்பாலும் அங்கேர்ந்துதான் வந்துச்சு, நைட் ஷிப்ட்ல செப்சிஸ் (தொற்றால உறுப்புகள் பாதிக்கற ஆபத்தான நிலை) பேஷன்ட்ட பாத்தது ஸ்லோ (SLOE, ரொட்டேஷன்ல நம்மள பாத்த டாக்டர்கள் எழுதற மதிப்பீடு) லெட்டர்ல இருந்திருக்கு போல, அத வச்சே கேட்டாங்க. 2023ல எமர்ஜென்சி மெடிசின்ல 550க்கு மேல சீட் காலியா போச்சேன்னு ரொம்ப கம்மி இடத்துல அப்ளை பண்ணிறாதீங்க, அடுத்த வருஷமே பெரும்பாலும் நிரம்பிருச்சு.

எதிர்பாக்காதது, சிக்னல் போடாத ஒரு நாலு வருஷ ப்ரோக்ராம்லயும் கூப்ட்டாங்க. ஈராஸ் (ERAS, ரெசிடென்சிக்கு ஆன்லைன்ல அப்ளை பண்ற சிஸ்டம்) ஃபீஸ் எங்க சீசன்ல 30 ப்ரோக்ராம் வரை தலா 11 டாலர், அதுக்கு மேல தலா 30.