ஸ்நேக் பிளான்ட் அடி கொழகொழன்னு ஆகுது, அவசரம்

மூணாவது_மாடி: ஸ்நேக் பிளான்ட் வாங்கி நாலு மாசம் ஆகுது, ரெண்டு இலை மஞ்சளாகி சாஞ்சிடுச்சு, அடியில தொட்டா கொழகொழன்னு இருக்கு. சாகவே சாகாதுன்னு சொல்லித்தான் குடுத்தாங்க. அம்மா பொறந்தநாளுக்கு வாங்கினது, எப்படியாவது காப்பாத்தணும். என்ன உரம் போடலாம்?

செம்மண்_காட்டான்: தண்ணி எத்தனை நாளுக்கு ஒருக்கா விடுறீங்க? தொட்டியில ஓட்டை இருக்கா? எங்க வச்சிருக்கீங்க? இதெல்லாம் சொல்லாம எப்படிங்க சொல்றது

வேப்பம்புண்ணாக்கு: வேர்ல பூஞ்சைதான், சந்தேகமே இல்ல. ட்ரைக்கோடெர்மா விரிடி போடுங்க, கெட்ட பூஞ்சைய அடக்குற நல்ல பூஞ்சை அது. எங்க வீட்டு ரோஜாவுக்கும் அதுதான் கறிவேப்பிலைக்கும் அதுதான்.

பழைய_தோட்டம்: இதே கேள்வி வாரம் ஒருத்தர் கேக்குறீங்க, தேடிப் பாக்குறதே இல்ல. இலையிலயும் கிழங்குலயும் தண்ணிய சேத்து வச்சுக்குற செடிங்க இது, இதுக்குப் போய் உரமா? ஸ்நேக் பிளான்டோட பழைய தாவரவியல் பேரு சான்சிவீரியா, அந்தப் பேரே இப்ப இல்ல, 2017லயே டிரசீனாங்குற இனத்துல சேத்தாச்சு. அடிப்படைய படிச்சிட்டு செடி வளக்க வாங்க.

மூணாவது_மாடி: தினம் காலையில ஒரு டம்ளர். ஹால்ல டிவி பக்கத்துல. நர்சரி பிளாஸ்டிக் தொட்டியோட அப்படியே பீங்கான் தொட்டிக்குள்ள எறக்கி வச்சிருக்கேன், பீங்கான்ல ஓட்டை இல்ல

செம்மண்_காட்டான்: தினமுமா! உள்தொட்டிய தூக்கிப் பாருங்க, கீழ தண்ணி நிக்கும். செடிய வெளிய எடுத்து தேங்கா நார்க்கழிவ உதறிட்டு, அழுகின கிழங்க சுத்தமான கத்தியால வெட்டி, ரெண்டு மூணு நாள் நிழல்ல காயவிட்டு, செம்மண்ணும் ஆத்து மணலும் சரிபாதி கலந்து நடுங்க, ஒரு வாரம் தண்ணியே காட்டாதீங்க. அப்புறம் மண்ணு முழுசா காஞ்சாத்தான் தண்ணி.

காத்து_வேணும்: பொழைச்சதும் பெட்ரூம்ல வைங்க, ராத்திரி ஆக்சிஜன் விடும், நாசாவே சொல்லிருக்கு

பழைய_தோட்டம்: நாசா 1989ல சோதிச்சது மூடின பெட்டிக்குள்ள வச்சு, பென்சீன் மாதிரி நச்சு ஆவி குறையுதான்னு. இந்தச் செடி ராத்திரி கார்பன் டை ஆக்சைடத்தான் இழுக்கும், ஆக்சிஜன் வர வெளிச்சம் வேணும். இத எத்தனை தடவ சொல்றது.

காத்து_வேணும்: எங்க வீட்ல நாலு தொட்டி வச்சப்புறம் பாப்பாவுக்கு தும்மல் கொறஞ்சிருக்கு, அத இல்லன்னுவீங்களா

வேப்பம்புண்ணாக்கு: பாப்பா இருந்தா எட்டாத எடத்துல வைங்க, மென்னு முழுங்கினா வாந்தி வரும். பூனை நாய்க்கும் ஆகாது.

வாசல்_தொட்டி: சாஞ்ச இலையோட மேல்பாதி நல்லா இருந்தா தூக்கிப் போடாதீங்க. நாலு இன்ச் துண்டா வெட்டி, அடிப்பக்கம் எதுன்னு அடையாளம் வச்சுக்குங்க, தலைகீழா நட்டா வேர் விடாது. ஆனா மஞ்சக் கரை வெரைட்டின்னா இலைத்துண்டுல இருந்து வர்ற கன்னு வெறும் பச்சையாத்தான் இருக்கும், கரை வேணும்னா கிழங்கோடதான் பிரிச்சு நடணும்.

மூணாவது_மாடி: தூக்கிப் பாத்தேன், ரெண்டு இன்ச் தண்ணி, ஒரே நாத்தம். மூணு இலையில மட்டும் கிழங்கு கெட்டியா இருக்கு, பேப்பர்ல காய வச்சிருக்கேன். நன்றிண்ணா.

வேப்பம்புண்ணாக்கு: நடும்போது ட்ரைக்கோடெர்மா ஒரு ஸ்பூன் போட மறந்துடாதீங்க