பேஜ்மேக்கரில் அடித்த பழைய மலர் திறக்கவில்லை, உதவி தேவை

காவிரிக்கரையான்:
வணக்கம். எங்கள் ஊர்க் கோவில் கும்பாபிஷேகத்துக்கு 2003-ல் ஒரு மலர் போட்டோம். பன்னிரண்டு வருடத்தில் வந்திருக்க வேண்டிய அடுத்தது இழுத்தடித்து இப்போதுதான் வருகிறது. பழைய ஸ்தல வரலாற்றையும் உபயதாரர் பட்டியலையும் அப்படியே எடுத்துப் போடலாம் என்று பார்த்தால், அடித்துக் கொடுத்த டிடிபி கடை எப்போதோ மூடியாயிற்று, பீரோவில் சிடி மட்டும்தான் இருக்கிறது. அதில் உள்ள கோப்பு பி65 என்று முடிகிறது. விண்டோஸ் 11-ல் தட்டினால் எதில் திறக்கட்டும் என்று என்னையே கேட்கிறது. வேர்டில் இழுத்துப் போட்டால் கட்டம் கட்டமாக வருகிறது. அச்சுப் பிரதி ஒன்றுதான் மிச்சம், அதிலும் பாதியைக் கரையான் தின்றுவிட்டது.

சும்மாஒருவன்:
பி65-ஐ அழித்துவிட்டு டாக் என்று பெயர் மாற்றிப் பாருங்கள், சில சமயம் திறக்கும்.

பழையடிடிபிஆள்:
திறக்காது தம்பி, டப்பாவில் எழுதியதை மாற்றினால் உள்ளே இருக்கும் மிளகாய்ப்பொடி மஞ்சள்பொடி ஆகாது. அது பேஜ்மேக்கர் 6.5 கோப்பு, புத்தகப் பக்கம் வடிவமைக்க அப்போது நாங்கள் வைத்திருந்த மென்பொருள். 2001-ல் வந்த 7.0-வோடு பேஜ்மேக்கர் கதை முடிந்துவிட்டது. இன்டிசைன் என்ற இன்னொரு பக்க வடிவமைப்பு மென்பொருள் சிஎஸ்6 பதிப்பு வரை இதைத் திறக்கும், அதற்குப் பின் வந்த சிசி பதிப்புகள் திறக்காது. யாராவது கிராக் பேஜ்மேக்கர் லிங்க் அனுப்பினால் தொடாதீர்கள், வைரஸ்தான் வரும். முதலில் சிடியில் இருப்பதை எல்லாம் ஹார்ட் டிஸ்கில் காப்பி பண்ணுங்கள், பழைய சிடி எப்போது கைவிடும் என்று சொல்ல முடியாது. அப்புறம் லிப்ரேஆபீஸ் இறக்கி அதன் டிராவில் திறந்து பாருங்கள். இலவசம்தான்.

காவிரிக்கரையான்:
அண்ணா, திறந்துவிட்டது! பக்கங்கள் வரிசையாக வருகின்றன, ஆனால் எல்லாம் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் குப்பை மாதிரி இருக்கிறது. சில படங்களும் இல்லை. கோப்பு கெட்டுவிட்டதா?

பழையடிடிபிஆள்:
கெடவில்லை, எழுத்துரு உங்களிடம் இல்லை, அவ்வளவுதான். எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடு தமிழில் புழக்கத்துக்கு வருவதற்கு முன் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் உருவத்தை உட்காரவைத்துத்தான் அடித்தோம். எழுத்துக்கு நடுவே கர்சரை வைத்தால் மேலே எழுத்துருவின் பெயர் சாய்வாகத் தெரியும், சாய்வாக இருந்தால் அது உங்கள் கணினியில் இல்லை என்று அர்த்தம். இன்னொரு அடையாளமும் சொல்கிறேன்: ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி, இப்படி எங்காவது சேர்ந்து வருகிறதா? அது 'தமிழ்' என்ற சொல், எழுத்துரு பாமினி. படங்களைப் பெரும்பாலும் கோப்புக்குள் வைக்காமல் வெளியே இருந்துதான் இணைப்போம், சிடியில் டிஃப் கோப்புகள் தனியாகக் கிடக்கும், தேடுங்கள்.

காவிரிக்கரையான்:
ஸ்தல வரலாற்றில் 'செந்தமிழ்' என்று வர வேண்டிய இடத்தில் அதே ஜே, கே, பி, ஓ! டிஃப் கோப்புகளும் கிடைத்தன, ராஜகோபுரப் படம் மட்டும் இல்லை.

பழையடிடிபிஆள்:
அப்போ பாதி வேலை முடிந்தது. ஒவ்வொரு பெட்டியாக எழுத்தை நகலெடுத்து என்எச்எம் கன்வர்ட்டரில் பாமினியிலிருந்து யூனிகோடு என்று கொடுத்து மாற்றுங்கள். மாற்றிய பின் ஒன்றை மட்டும் கட்டாயம் பாருங்கள். பழைய எழுத்துருவில் ஔகாரத்தின் பின்பாதியும் ள-வும் ஒரே உருவம், அதனால் மாற்றும்போது 'வெளி' பல இடத்தில் 'வௌி' ஆகிவிடும். கண்ணுக்குச் சட்டென்று தெரியாது, ஆனால் தேடினால் சொல் சிக்காது. வௌ என்று தேடி ஒவ்வொன்றாகப் பார்த்துத் திருத்துங்கள், எல்லாவற்றையும் மொத்தமாக மாற்றினால் வௌவால் கெட்டுவிடும்.

காவிரிக்கரையான்:
நல்லவேளை சொன்னீர்கள். உபயதாரர் பட்டியலில் மட்டும் வெள்ளிக் கவசம், வெள்ளிக் குடம், வெள்ளி விளக்கு என்று பதினேழு இடத்தில் இருந்தது, எல்லாம் திருத்தியாயிற்று. வௌவால் ஒன்றே ஒன்று, பழைய மண்டபத்தைப் பற்றிய பக்கத்தில், அதைத் தொடவில்லை. கோபுரத்தைப் புதிதாகப் படம் எடுத்துக்கொள்ளலாம் என்று அப்பா சொல்லிவிட்டார், எப்படியும் இப்போதுதான் வண்ணம் அடித்திருக்கிறார்கள்.