புதுப்பிப்பு: டெங்கு சாதாரண எலியை ஏன் வீழ்த்துவதில்லை?

போன கிழமை இந்தக் கேள்விக்குப் பதில் எழுதும்போது, டெங்குவின் என்எஸ்5 புரதம் நம் ஸ்டாட்2 புரதத்தை வெட்டுகிறது என்று சொல்லியிருந்தேன். அது பிழை, திருத்திக்கொள்ளுங்கள். என்எஸ்5 தானாக வெட்டுவதில்லை. ஸ்டாட்2-ஐப் பிடித்து, நம் கலத்திலேயே இருக்கும் யூபிஆர்4 என்ற புரதத்தின் துணையோடு அழிவுக்கு அனுப்பிவிடுகிறது. வைரஸ் நுழைந்ததும் இன்டர்ஃபெரான் என்ற புரதம் எழுப்பும் எச்சரிக்கை, அதை எடுத்துச்செல்லும் ஸ்டாட்2 இல்லாததால், கலத்தின் கருவுக்குப் போய்ச் சேராது.

பிடிக்கும் விதம்தான் அழகு. டெங்குவின் உறவான ஸிகா வைரஸின் என்எஸ்5 ஸ்டாட்2-ஓடு சேர்ந்திருக்கும் வடிவத்தை 2020-இல் கிரையோ எலக்ட்ரான் நுண்ணோக்கியில் (புரதத்தை உறையவைத்துப் படமெடுக்கும் கருவி) பார்த்துவிட்டார்கள். என்எஸ்5-இன் இரண்டு பகுதிகளுக்கு நடுவே ஒரு பிளவு. ஸ்டாட்2-இன் சுருள் பகுதி அதற்குள் அமர்கிறது. வழக்கமாக, ஸ்டாட்2-இன் கூட்டாளிப் புரதமான ஐஆர்எஃப்9 வந்து சேரும் இடம் அந்தச் சுருள்! நேற்று உப்புவெளி ரியூசனில் களிமண்ணில் செய்து காட்டினேன். பிளவில் சுருளை வைத்ததும் ஐஆர்எஃப்9 உருண்டைக்கு இடமே இல்லை.

சரி, எலி? அதன் ஸ்டாட்2-ஐ டெங்குவின் என்எஸ்5-ஆல் பிடிக்க முடியாது. எலி தப்புவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். 2017-இல் டெங்குவால் கிண்ணியா பட்ட பாட்டைப் பார்த்த பிள்ளைகள், அந்தப் பிளவை மருந்தால் அடைக்க முடியாதா என்று கேட்டார்கள். அடுத்து அதைத்தான் எழுதப் போகிறேன்.