மகனுக்கு நுண்ணறிவு ஈவு 83 என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்

கேள்வி (சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா)

நாங்கள் தூத்துக்குடியிலிருந்து இங்கே வந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. மகனுக்கு ஒன்பது வயது. படிப்பு மந்தம் என்று பள்ளியில் சொல்லி, உளவியலாளர் ஒருவரிடம் அனுப்பினார்கள். இரண்டு மணி நேரச் சோதனை, முடிவில் ஒரு தாள். அறிவை அளக்கும் எண்ணாம், ஐ.க்யூ. என்கிறார்கள்: 83.

மின்வெட்டு கடுமையாக இருந்த நாட்களில் எங்கள் வீட்டுக்கு ஓர் அட்டவணை, அவன் அத்தை வீட்டுக்கு வேறோர் அட்டவணை. இரண்டும் அவனுக்கு மனப்பாடம். "அம்மா, இப்போதே குக்கரை வை, நாலு மணிக்கு மின்சாரம் போய்விடும். முடியாவிட்டால் அத்தை வீட்டில் சாப்பிடலாம், அங்கே எட்டு மணிக்குத்தான் போகும்" என்பான். அப்போது ஆறு வயது! 83 என்றால் என் பிள்ளை இவ்வளவுதானா? அவன் கண்ணில் படாமல் தாளை அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

பதில் 1 (ஓய்வு பெற்ற ஆசிரியர்)

அம்மா, கலங்காதீர்கள். சராசரி 100, மூன்றில் இரண்டு பங்குப் பேர் 85க்கும் 115க்கும் நடுவில் வருவார்கள். மொத்த எண்ணை விடுங்கள், அதற்குக் கீழே தனித்தனி மதிப்பெண்கள் இருக்கும். அவை என்ன? எந்த மொழியில் கேட்டார்கள்?

கேட்டவர்

ஆங்கிலத்தில். சில சொற்களுக்குத் தமிழில் பொருள் சொன்னானாம், கணக்கில் சேரவில்லை. சொல்லறிவு 71, உருவங்களை அடுக்குவது 104.

பதில் 1

அந்த 71 அவனுடைய ஆங்கிலத்தைத்தான் அளந்திருக்கிறது. இரண்டும் இவ்வளவு விலகி நிற்கும்போது கூட்டிக் கலந்த 83ஐப் பிடித்துக்கொண்டு அழக் கூடாது. 1905இல் பாரிஸில் பினே, சிமோன் என்ற ஆய்வாளர்கள் இப்படிப்பட்ட சோதனையை முதலில் உருவாக்கியதே, பின்தங்கும் பிள்ளைகளைக் கண்டறிந்து தனியே கற்பிப்பதற்காகத்தான். அறிவை வளர்க்கவே முடியாது என்ற பேச்சைப் பினே கடுமையாக எதிர்த்தார்.

பதில் 2 (டர்பன்)

இந்த நாட்டுக்கு இதில் பழைய காயம் உண்டு. 1939இல் ஃபிக் என்ற உளவியலாளர் இப்படிப்பட்ட சோதனைகளை வைத்தே கறுப்பினக் குழந்தைகளின் கல்வித்திறன் குறைவு என்று எழுதினார். வளர்ந்த சூழலைப் பார்க்காமல் அப்படிச் சொல்லக் கூடாது என்று 1943இல் பீஷூவெல் என்ற இன்னோர் உளவியலாளர் மறுத்தார். பாரபட்சமில்லாதது என்று நிறுவப்படாத உளவியல் சோதனையை வேலையிடங்களில் 1998ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. பள்ளிக்கு எழுத்து மூலமாகக் கேளுங்கள்: சொல் தேவைப்படாத சோதனை ஒன்று, தமிழ் தெரிந்தவர் உடனிருக்க. ஆங்கிலத்துக்குத் தனி வகுப்பும் கேளுங்கள், அது அவனுக்கு உண்மையிலேயே வேண்டும்.

கேட்டவர்

திங்கட்கிழமை போகிறேன். தாளை டப்பாவுக்கு அடியிலிருந்து எடுத்துவிட்டேன்.