போன் பேக் கவர் படங்களில் வெள்ளை வட்டமும் கறுப்புக் கோடுகளும்: உடனே உதவி தேவை

மலர்ப்பேழை:
அனைவருக்கும் வணக்கம். உலர்ந்த பூக்களையும் தங்க நிறத் தாளையும் கிளிட்டரையும் பதித்து, மேலே ரெசின் (இறுகியதும் கண்ணாடி போலாகும் பிசின்) ஊற்றிய போன் பேக் கவர்களை வீட்டிலேயே செய்து விற்கிறேன். அட்டைப்பெட்டிக்குள் வெள்ளைச் சார்ட் பேப்பர் ஒட்டி, மேலே விளக்கு வைத்துப் படம் எடுக்கிறேன். கவரின் நடுவே வெள்ளையாக ஒரு வட்டம் விழுகிறது. பின்னணி வெள்ளையாக இல்லாமல் சாம்பல் நிறமாகத் தெரிகிறது. சில படங்களில் குறுக்கே கறுப்புக் கோடுகள் ஓடுகின்றன. நேரில் மினுமினுக்கும் கிளிட்டரோ படத்தில் மணல் தூவியது போல் கிடக்கிறது. நாளை மாலைக்குள் புதிய கவர்களின் படங்களை ஏற்றியாக வேண்டும். தெரிந்தவர்கள் உடனே வழி சொல்லுங்கள்.

கரூர்க்காரன்:
எந்தப் போன், எந்த விளக்கு, மேலிருந்து நேராக எடுக்கிறீர்களா அல்லது சாய்த்து எடுக்கிறீர்களா, அறையில் வேறு வெளிச்சம் இருக்கிறதா என்பதையெல்லாம் எழுதினால்தான் பதில் சொல்ல முடியும். முடிந்தால் கெட்டுப்போன படம் ஒன்றையும் இணையுங்கள்.

சுடர்:
இதற்கு அவ்வளவு விசாரணை தேவையில்லை. பளபளப்பைக் குறைப்பதற்கென்றே போலரைசர் என்ற கண்ணாடி இருக்கிறது. போனில் கிளிப் மாட்டிப் பொருத்தும் வகையில் கடைகளில் கிடைக்கிறது. லென்ஸுக்கு முன்னால் வைத்துச் சுழற்றிக்கொண்டே திரையைப் பாருங்கள். ஒரு நிலையில் வட்டம் மறைந்துவிடும். உடனடித் தேவைக்கு, போலரைஸ்டு குளிர்கண்ணாடி ஒன்றை லென்ஸின் முன் பிடித்தாலும் போதும்.

பழையலென்ஸ்:
எவர்சில்வர் பாத்திரம், கவரிங் நகை, கைக்கடிகாரம் எனப் பளபளக்கும் பொருள்கள் அனைத்துக்கும் இதே கேள்வியை யாராவது கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். நானும் இதே பதிலை எழுதிக்கொண்டே இருக்கிறேன். பழைய இழைகளைத் தேடிப் படிக்கும் பொறுமை யாருக்கும் இல்லை என்பதால் மீண்டும் எழுதுகிறேன். பளபளப்பான பரப்பு ஒரு கண்ணாடி. அதில் நீங்கள் காணும் வெள்ளை வட்டம், தலைக்கு மேல் தொங்கும் உங்கள் விளக்கின் பிம்பமே தவிர வேறொன்றும் இல்லை. ஒளி எந்தக் கோணத்தில் விழுகிறதோ அதே கோணத்தில்தான் திரும்பும் என்று பள்ளிப் பாடத்திலேயே படித்திருப்பீர்கள். விளக்கைப் பக்கவாட்டுக்கு நகர்த்தினால் பிம்பம் லென்ஸை விட்டு விலகிவிடும். இந்த எளிய உண்மையை விட்டுவிட்டுப் போலரைசர் வாங்கச் சொல்பவர்கள் அது எப்போது வேலை செய்யும் என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். செங்குத்தாக விழுந்து எதிரொளிக்கும் ஒளி தளவிளைவு அடைவதில்லை, அதாவது அதன் அதிர்வுகள் ஒரே தளத்துக்கு ஒடுங்குவதில்லை; போலரைசர் தடுப்பது அப்படி ஒடுங்கிய ஒளியைத்தான். ஆகையால் மேலிருந்து நேராக எடுக்கும் படத்தில் அதை எத்தனை முறை சுழற்றினாலும் வட்டம் அசையாது.

மின்பொறி_மதுரை:
கறுப்புக் கோடுகளைப் பற்றி யாரும் பேசவில்லை. அது எதிரொளிப்புச் சிக்கலன்று, மின்சாரச் சிக்கல். நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 50 சுற்று, ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை தணியும் என்பதால், உள்ளே தரமான சுற்று இல்லாத எல்.இ.டி. பல்பு ஒரு நொடிக்கு 100 முறை மங்கிப் பிரகாசிக்கிறது. நம் கண்ணுக்கு இது தெரிவதில்லை. ஆனால் போன் கேமரா படத்தை ஒரே கணத்தில் பதியாமல் வரிவரியாகப் படிக்கிறது. ஷட்டர் மிக வேகமாக இருந்தால், அதாவது கேமரா ஒளியை உள்வாங்கும் நேரம் மிகக் குறைவாக இருந்தால், பல்பு மங்கிய கணத்தில் படிக்கப்பட்ட வரிகள் கறுப்புப் பட்டைகளாகத் தெரியும். கேமராவில் எல்லாவற்றையும் நாமே அமைக்கும் ப்ரோ மோடுக்குச் சென்று ஷட்டரை 1/100 அல்லது 1/50 நொடியில் நிறுத்துங்கள். வெளிச்சம் கூடிவிட்டால் ஷட்டரைத் தொடாமல் ஐ.எஸ்.ஓ. என்ற ஒளியுணர்திறன் எண்ணைக் குறையுங்கள். இந்த வேகத்தில் கை நடுக்கம் படத்தில் தெரியும் என்பதால், போனை ஏதாவது ஒரு தாங்கியில் வைத்து, 2 நொடி டைமரில் எடுப்பது நல்லது. பல்பு நல்லதா என்று அறிய, அதன் வெளிச்சத்தில் வெள்ளைச் சுவரை ஸ்லோ மோஷன் வீடியோவாக எடுத்துப் பாருங்கள். மட்டமான பல்பாக இருந்தால் சுவரே துடிப்பது தெரியும்.

சுடர்:
பழையலென்ஸ் ஐயா பாதியைத்தான் சொன்னார். விளக்கின் முன்னாலும் ஒரு போலரைசிங் தாளை வைத்து, லென்ஸில் உள்ளதை அதற்குக் குறுக்காகத் திருப்பினால், நேராக எடுத்தாலும் பளபளப்பு முழுவதும் போய்விடும். ஓவியங்களைப் படமெடுப்பவர்கள் இப்படித்தான் செய்கிறார்கள்.

பழையலென்ஸ்:
ஓவியத்துக்குச் சரி. இங்கே அந்த அம்மையார் விற்பது கிளிட்டர் பதித்த கவர். கிளிட்டர் என்பது உலோகப் பூச்சுள்ள சின்னஞ்சிறு பிளாஸ்டிக் துணுக்கு. அது மினுங்குவதே எதிரொளிப்பினால்தான். நீங்கள் சொல்லும் முறையில் வட்டத்தோடு மினுமினுப்பும் தங்கத் தாளின் பொலிவும் சேர்ந்து போய்விடும். பிறகு வாங்குபவர் எதைப் பார்த்து வாங்குவார்?

மலர்ப்பேழை:
விளக்கு சாதாரண எல்.இ.டி. பல்பு, பெட்டியின் மேல்பக்கத்தில் துளையிட்டுத் தொங்கவிட்டிருக்கிறேன். அறையில் டியூப் லைட்டும் எரிகிறது. போன் ஆண்ட்ராய்டு.

கரூர்க்காரன்:
ஊர் எது என்று கேட்டதற்குத் தமிழ்நாடு என்று சொன்னது போல் இருக்கிறது உங்கள் கடைசி வரி. போகட்டும், முதலில் டியூப் லைட்டை அணையுங்கள். இரண்டு வகை விளக்கின் நிறங்கள் கலந்தால், கேமரா எதை வெள்ளை என்று கொள்வது எனத் தடுமாறி, ஒரு பக்கம் நீலமும் மறுபக்கம் மஞ்சளும் படிந்த படத்தைத் தரும். பின்னணி சாம்பலாவதற்குக் காரணம் வேறு. தானியங்கி முறையில் கேமரா எந்தக் காட்சியையும் சராசரி வெளிச்சத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். சட்டகம் முழுவதும் வெள்ளையாக இருந்தால் அதையும் சாம்பலாக்கிவிடும். திரையில் கவரைத் தொட்டுவிட்டு, அருகில் தோன்றும் சூரியக் குறியை மேலே இழுங்கள். தாள் வெள்ளையாகும் வரை உயர்த்தலாம். பூவிதழ்களின் நரம்புகள் மறையத் தொடங்கினால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.

யாழ்கைவினை:
சகோதரி, நானும் ரெசின் வேலை செய்கிறேன் என்பதால் ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். விளக்கை நகர்த்தினால் போதும் என்று பழையலென்ஸ் ஐயா சொன்னது தட்டையான கண்ணாடிக்குப் பொருந்தும். ரெசின் ஊற்றிய கவர் நடுவில் மேடாகவும் ஓரங்களில் வளைந்தும் இருக்கும். அது ஒரு குவியாடியைப் போல அறையின் பெரும்பகுதியைத் தனக்குள் காட்டும். பல்பை எங்கே வைத்தாலும், நடுவில் மறைந்த வட்டம் ஓரத்தில் ஒரு புள்ளியாக மீண்டும் தோன்றும். ஆகவே பிம்பத்தை ஒளிப்பதைவிட, அழகான பிம்பம் விழும்படி செய்வதே எளிது. பெட்டியின் இரு பக்கங்களிலும் பெரிய சன்னல்களாக வெட்டி, பழைய வெள்ளை வேட்டித் துணியையோ பட்டர் பேப்பரையோ சுருக்கமில்லாமல் இழுத்து ஒட்டுங்கள். பல்பைப் பெட்டிக்கு வெளியே ஒரு முழம் தள்ளி வையுங்கள். துணியோடு ஒட்டி வைத்தால் துணியின் நடுவில் மட்டும் வெளிச்சம் குவிந்து அந்த வட்டம் மறுபடியும் வரும். துணி முழுவதும் சீராக ஒளிர்ந்தால், கவரின் ஓரத்தில் மென்மையான நீண்ட வெள்ளைக் கோடு ஒன்று விழும். ரெசினின் வழவழப்பை வாங்குபவருக்குக் காட்டுவது அந்தக் கோடுதான். எல்.இ.டி. தவிர, சூடேறும் பழைய குண்டு பல்புகளைத் துணியின் அருகே வைக்காதீர்கள்.

மேலிருந்து எடுத்தால் உங்கள் போனும் கையும்கூடக் கவரில் தெரியும். கறுப்பு அட்டை ஒன்றில் லென்ஸ் அளவுக்குத் துளையிட்டு, அதன் வழியாக எடுங்கள். போனை மிக அருகில் கொண்டுபோகாமல், சற்றுத் தள்ளி வைத்து 2 மடங்கு பெரிதாக்கி எடுத்தால் கவரின் விளிம்புகள் உப்பித் தெரியாது.

இனி கிளிட்டர். மென்மையான வெளிச்சத்தில் அது உயிரற்றுத்தான் போகும்; மினுங்குவதற்குச் சிறிய, கூர்மையான ஒளி வேண்டும். துணி வழியாக வரும் வெளிச்சத்தை அப்படியே வைத்துக்கொண்டு, இன்னொரு போனின் டார்ச்சைத் தூரத்திலிருந்து தாழ்வான கோணத்தில் காட்டுங்கள். ரெசின் மேல் டார்ச்சின் சிறு புள்ளி எங்காவது விழும். கவரை மெல்லத் திருப்பி அதை ஓரத்துக்குத் தள்ளிவிடலாம்.

நிலா_கடை:
இவ்வளவு பாடு எதற்கு? பின்னணியை நீக்கும் செயலிகள் இலவசமாகவே கிடைக்கின்றனவே. எப்படி எடுத்தாலும் அரை நொடியில் தூய வெள்ளையாகிவிடும்.

கரூர்க்காரன்:
பின்னணி வெள்ளையாகும், கவரின் மேல் விழுந்த வட்டத்தைச் செயலி என்ன செய்யும்? மேலும், ஓரம் ஒளிபுகும் கவர்களில் செயலி ஓரத்தையும் சேர்த்துத் தின்றுவிடும். உண்மையில் எல்லாரும் வெள்ளைப் பின்னணியைத் தேடி ஓடுவதே எனக்குப் புரியவில்லை. அமேசானில் விற்பவருக்கு முதன்மைப் படம் தூய வெள்ளைப் பின்னணியில், பொருள் சட்டகத்தின் 85 விழுக்காட்டை நிரப்பும்படி இருக்க வேண்டும் என்ற விதி இருக்கிறது. இன்ஸ்டாகிராமில் விற்பவருக்கு அப்படி எந்தக் கட்டாயமும் இல்லை. சாயமேற்றாத கைத்தறித் துணியின் மேல் வைத்து எடுத்தால் பூ வேலைப்பாட்டுக்கு எவ்வளவு பொருத்தமாக இருக்கும்!

நிலா_கடை:
துணியில் எடுத்தால் கடைப் பக்கம் முழுவதும் ஒன்றுக்கொன்று ஒட்டாமல் தெரியும். வாடிக்கையாளர் ஒரே சீரான பக்கத்தைத்தான் நம்புகிறார்.

கரூர்க்காரன்:
எல்லாக் கவர்களையும் ஒரே துணியில் எடுத்தால் அதுவும் சீர்தானே? வாடிக்கையாளர் நம்பிக்கை இழப்பது, படத்தில் ரோஜா நிறமாக இருந்த கவர் வீட்டுக்கு வந்ததும் ஆரஞ்சாக இருக்கும்போதுதான். ஆகவே எது வெள்ளை என்று கேமராவுக்குச் சொல்லும் வெள்ளைச் சமநிலையைத் தானியங்கியில் விடாமல், ஒரு வெள்ளைத் தாளைக் காட்டி நிலைநிறுத்திவிட்டு எல்லாப் படங்களையும் அதே அமைப்பில் எடுக்க வேண்டும்.

பழையலென்ஸ்:
கேட்டவர் போன் மாடலைக்கூட இன்னும் சொல்லவில்லை. நீங்கள் இருவரும் கடை அலங்காரம் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். யாழ்கைவினை சொன்ன குவியாடி விளக்கம் சரியானது. நான் தட்டையான கவர் என்று எடுத்துக்கொண்டு எழுதினேன், மலர்ப்பேழையும் மேடானது என்று சொல்லவில்லை.

மலர்ப்பேழை:
வேட்டித் துணி கட்டியதும் வட்டம் போய்விட்டது. கோடுகளும் இல்லை. டார்ச்சில் கிளிட்டர் நன்றாக வந்திருக்கிறது. படங்களை ஏற்றிவிட்டேன். எல்லாருக்கும் நன்றி.

மின்பொறி_மதுரை:
மகிழ்ச்சி. கோடுகள் போனது ஷட்டரை மாற்றியதாலா, பல்பை மாற்றியதாலா, டியூப் லைட்டை அணைத்ததாலா என்று சொன்னால், அடுத்து இதே சிக்கலோடு வருபவருக்கு உதவியாக இருக்கும்.

சுடர்:
என் குளிர்கண்ணாடியை வைத்து, பளபளப்பான பேக் கவர் ஒன்றைச் சாய்த்து எடுத்துப் பார்த்தேன். சன்னலின் பிம்பம் முக்கால்வாசி மறைந்துவிட்டது. ஆகவே போலரைசர் வேலை செய்யாது என்று ஒரேயடியாகத் தள்ளுவது நியாயமில்லை.

பழையலென்ஸ்:
ரெசின் போன்ற பரப்பில் செங்குத்துக் கோட்டிலிருந்து ஏறக்குறைய 56 பாகை சாய்வில் அது மிக நன்றாக வேலை செய்யும். 1815இல் ஸ்காட்லாந்து இயற்பியலாளர் டேவிட் ப்ரூஸ்டர் வகுத்த விதி அது. நேராக எடுக்கும்போது வேலை செய்யாது என்றுதான் எழுதினேன். மேலே போய் மறுபடியும் படியுங்கள்.

மின்பொறி_மதுரை:
மலர்ப்பேழை அவர்களே, என் கேள்வியைப் பார்த்தீர்களா?