கலைச்சொல் தேவை: ஸ்பிட்ஸ்வேகெரிக்

செ.: வணக்கம். சுவிஸ் தமிழ் நோயாளருக்கான ஒவ்வாமைத் துண்டுப்பிரசுரம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஜெர்மனில் ஸ்பிட்ஸ்வேகெரிக் எனப்படும் செடிக்குத் தமிழ்ப் பெயர் வேண்டும். ஐரோப்பியப் புல்வெளியெங்கும் கிடப்பது: தரையோடு வட்டமாக இலை, வரியோடிய தண்டு, நுனியில் குட்டைக் கதிர். மே முதல் செப்டம்பர் வரை காற்றில் மகரந்தம் விடும். ஆங்கிலத்தில் இதுவும் பிளான்டெயின், வாழைக்காயும் பிளான்டெயின். வரைவில் "வாழை மகரந்தம்" என்றே வந்திருக்கிறது. படிப்பவர் பழத்தை விலக்கிவிட்டுப் புல்வெளியில் போய் உட்காருவார்.

மு.: இலத்தீனில் லான்சியோலாட்டா, அதாவது வேல் வடிவினது. எனவே வேலிலை. யாப்பில் நேர்நிரை, கூவிளச் சீராக நிற்கிறது பாருங்கள்.

ரா.: கூவிளம் சரி ஐயா. கருவேல், வெள்வேல் மரங்கள் இருக்கின்றனவே? சித்த மருத்துவர் வேலங்கொழுந்து என்று எடுத்துக்கொள்வார்.

மு.: ஈட்டியிலை?

ரா.: ஈட்டி மரமும் உண்டே!

பா.: ஜெர்மனில் வேக் வழி, ரிக் அரசன், வழியரசு எனலாம். இதே பேரினத்து, மலச்சிக்கலுக்குத் தரும் இசப்கோலோ பாரசீகத்தில் குதிரைச்செவி. அதையே பேரினப் பெயராக்குவோம். மகரந்தமும் வேண்டாம், வடமொழியில் அது பூந்தேன். அகநானூற்றில் வண்டு "தாதுண் பறவை". பூந்தாது என்க.

செ.: மருந்துத் தாளில் "தாது" என்றால் வாசகர் லேகிய விளம்பரத்தை நினைப்பார். மகரந்தமே இருக்கட்டும்.

க.: பெயர் கிடக்கட்டும், மூலிகைப் பத்தியைத் திருத்துங்கள். "நிழலில் மெல்ல உலர்த்தவும்" பிழை. மெல்ல உலர்ந்தால் இலையின் நொதி அதிலுள்ள ஆக்குபின் என்ற மருந்துப்பொருளை வீணே பிளந்துவிடும், இலை கறுத்துவிடும். பறித்ததும் மெல்லிதாகப் பரப்பி 40 பாகை செல்சியஸ் அளவில், காற்றோட்டத்தில் விரைந்து உலர்த்த வேண்டும். ஜெர்மனியின் மூலிகை மருந்து மதிப்பீட்டுக் குழுவான கமிஷன் ஈ சொல்லும் அளவு நாளுக்கு 3–6 கிராம். வறட்டு இருமலில் வேலை செய்வது அதன் வழவழப்பு. ஆக்குபின் பிளந்து வரும் பொருளே கிருமியை எதிர்ப்பது. கொதிநீர் அந்த நொதியை அழிப்பதால் தேநீரில் கிருமியெதிர்ப்பை எதிர்பார்க்க வேண்டாம், அதற்குப் பிழிசாறு. இச்செடி ஒவ்வாதவருக்கு இரண்டுமே கூடாது. 1997இல் அமெரிக்காவில் இம்மூலிகையோடு டிஜிட்டாலிஸ் லனாட்டா என்ற நச்சுச்செடியின் இலை கலந்து சிலருக்கு இதயத் துடிப்பு கெட்டது. நல்ல இலையில் அடியிலிருந்து நுனிவரை 3 முதல் 5 நரம்புகள் இணையாக ஓடும். கிழித்தால் நார் இழையும்.

மு.: ஆகா, ஐந்நரம்பி!

ரா.: மூன்று நரம்பு இலை கிடைத்தவர்?

செ.: போதும். கூரிலைப்பூண்டு, பக்கத்தில் ஜெர்மன் பெயர், படம், "வாழை அன்று" என்று ஒரு வரி. க., ரா. இசைந்துவிட்டார்கள்.

ரா.: இசைந்தது கூரிலைக்கு. பூண்டு என்றால் ரசத்தில் போடுவார்கள். செடி என்று மாற்றுங்கள்.

மு.: மூங்கிலுக்கும் கூரிலைதான். என் மறுப்பைப் பதிக.